மந்தநிலை அறிவிக்கப்பட்டதும் விற்று, அது முடிந்ததும் திரும்ப வாங்கினால் போதாதா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். வயது 45. இந்தியாவின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டியைப் பின்பற்றும் ஒரு ஃபண்டில் ஒன்பது ஆண்டுகளாகவும், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றும் மற்றொரு ஃபண்டில் நான்கு ஆண்டுகளாகவும் மாதந்தோறும் ஒரு தொகையாக எஸ்.ஐ.பி. போட்டு வருகிறேன். அமெரிக்காவில் மந்தநிலை, அதாவது பொருளாதாரம் பல மாதங்கள் சுருங்கும் காலம், வரப்போகிறது என்று சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. வரும்போதெல்லாம் எனக்கு உறக்கம் கெடுகிறது. 2020 மார்ச் இறுதியில் ஓர் இரவு கைப்பேசியில் கணக்கைத் திறந்தபோது, நான் போட்ட மொத்தத் தொகையைவிட இருப்பு குறைவாகக் காட்டியது. அந்தச் சிவப்பு எண் இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனக்குத் தோன்றும் வழி எளிமையானது. மந்தநிலை தொடங்கிவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததும் விற்றுவிட்டு, முடிந்தது என்று அறிவித்ததும் திரும்ப வாங்கினால் இடையில் வரும் சரிவிலிருந்து தப்பிவிடலாம் அல்லவா? மந்தத்துக்கு முன்னும், அது நடக்கும்போதும், அதற்குப் பின்னும் சந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதை விவரமறிந்தவர்கள் ஆதாரத்தோடு விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: ஏட்டுக்கணக்கு

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கணக்குச் சொல்லித் தருபவர் என்பதால், உங்கள் வழியை 2008ஆம் ஆண்டில் அப்படியே நடத்திப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் மந்தநிலைக்கு நாள் குறிப்பது அரசாங்கம் அல்ல, என்.பி.இ.ஆர். என்னும் ஆய்வு அமைப்பின் குழு ஒன்று. வேலைவாய்ப்பு, வருமானம், உற்பத்தி, விற்பனை ஆகியவற்றின் புள்ளிவிவரங்கள் திருத்தப்பட்டுத் தெளிவாகும்வரை அக்குழு பொறுத்திருக்கும். அதனால் அதன் அறிவிப்பு எப்போதும் நடந்து போனதைப் பற்றியதாகவே இருக்கும். 2007 டிசம்பரில் மந்தம் தொடங்கியது என்று அது அறிவித்த நாள் 2008 டிசம்பர் 1. ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிட்டது. 2009 ஜூனில் மந்தம் முடிந்தது என்று அறிவித்த நாள் 2010 செப்டம்பர் 20. பதினைந்து மாதங்கள் கழிந்துவிட்டன.

இனிச் சந்தையைப் பாருங்கள். எஸ் அண்ட் பி 500 உச்சத்தைத் தொட்டது 2007 அக்டோபர் 9 அன்று, 1,565 புள்ளிகளில். அதாவது மந்தம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. அறிவிப்பு வந்த 2008 டிசம்பர் 1 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 9 சதவீதம் விழுந்து 816இல் முடிந்தது. உச்சத்திலிருந்து பார்த்தால் ஏற்கெனவே பாதிக்குச் சற்றுக் குறைவாக இழந்தாகிவிட்டது. அங்கே நீங்கள் விற்றிருப்பீர்கள். அதன் பிறகும் சந்தை விழுந்தது என்பது உண்மைதான். 2009 மார்ச் 9 அன்று 676க்கு இறங்கியது. ஆனால் மந்தம் முடிந்ததாக அறிவிப்பு வந்த 2010 செப்டம்பர் 20 அன்று குறியீடு 1,142இல் இருந்தது. 816க்கு விற்றதை 1,142க்குத் திரும்ப வாங்க வேண்டும். விற்ற விலையைவிட 40 சதவீதம் கூடுதல்.

2020இல் இது இன்னும் கடுமையாக இருந்திருக்கும். அந்த மந்தம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டே மாதங்கள் நீடித்தது. பதிவானவற்றில் மிகக் குறுகியது அதுவே. பிப்ரவரி 19 அன்று 3,386இல் இருந்த குறியீடு மார்ச் 23 அன்று 2,237க்கு விழுந்தது, அதாவது 34 சதவீதம். மந்தம் தொடங்கியதாக அறிவித்தது ஜூன் 8 அன்று. அன்றைக்குக் குறியீடு 3,232இல் முடிந்து, அந்த ஆண்டின் இழப்பு முழுவதையும் ஈடுகட்டியிருந்தது. முடிந்ததாக அறிவித்தது 2021 ஜூலை 19 அன்று. அப்போது குறியீடு 4,258. விழுந்து எழுந்த பிறகு விற்று, மேலும் மூன்றில் ஒரு பங்கு ஏறிய பிறகு வாங்கியிருப்பீர்கள்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் காரணம் புரியாவிட்டால் எண்கள் மட்டும் பயத்தைப் போக்காது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வாடகை வரும் ஒரு கடைக் கட்டடம் ஒரு கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வியாபாரம் படுத்து, ஓராண்டு வாடகை வரவில்லை. இழந்தது 5 லட்சம். ஆகவே கட்டடத்தின் மதிப்பு 5 சதவீதம்தான் குறைய வேண்டும். ஆனால் கட்டடம் 50 லட்சத்துக்குக் கேட்கப்படுகிறது. ஏன்? குடித்தனக்காரர் திரும்பி வருவாரா, வந்தாலும் பழைய வாடகை தருவாரா என்ற ஐயம் ஒன்று. வாங்கக்கூடியவர்களிடம் அந்த நேரத்தில் ரொக்கம் இல்லாமை மற்றொன்று. கடன் வாங்கிக் கட்டடம் வாங்கியவர்கள் கடன் கொடுத்தவர் நெருக்கும்போது கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது மூன்றாவது. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்த பிறகு பங்குச்சந்தையில் நடந்தது இவை மூன்றும்தான்.

ஆகவே பெரிய சரிவில் குறைவது ஓராண்டு இலாபம் அன்று. எதிர்காலத்தின் மீதுள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை சிறிதளவு திரும்பினாலே போதும், வாடகை இன்னும் வராத நிலையிலும் விலை ஏறத் தொடங்கிவிடும். 2009 மார்ச்சில் சந்தை திரும்பிய பிறகும் அமெரிக்காவில் வேலையின்மை ஏழு மாதங்கள் கூடிக்கொண்டே போய், அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. அதே ஏழு மாதங்களில் குறியீடு 50 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. செய்தித்தாளைப் பார்த்து முடிவெடுத்தவர் எவரும் அந்த மாதங்களில் வாங்கியிருக்க மாட்டார்.

இன்னொன்று. மலிவாக இருக்கும்போது வாங்கலாம் என்று பி.இ. விகிதத்தை, அதாவது பங்கின் விலை அதன் ஆண்டு இலாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை, பார்ப்பவர்களும் அப்போது ஏமாந்தார்கள். 2008 கடைசிக் காலாண்டில் அந்த 500 நிறுவனங்களின் கூட்டு இலாபமே நட்டமாகிப் போனதால், கடந்த ஓராண்டு இலாபத்தை வைத்துக் கணக்கிட்ட விகிதம் மிக உயரத்தில் நின்றது. விலை மிகத் தாழ்ந்திருந்த வேளையில் அந்த எண் பங்குகளை விலை கூடியவையாகக் காட்டியது.

பதில்: ஓட்டுவீடு

மேலே எழுதியவர் குறிப்பிட்ட அந்த மாதங்களில் நான் நியூ ஜெர்சியில் இருந்தேன். எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் மென்பொருள் வேலை. சம்பளத்தில் ஒரு பகுதி ஓய்வுக்கால 401கே கணக்குக்குப் போகும். அதில் முக்கால் பங்கு எஸ் அண்ட் பி 500 ஃபண்டில் இருந்தது.

காலாண்டு அறிக்கை அஞ்சலில் வரும். 2008 அக்டோபரில் வந்த உறையைப் பிரித்துப் பார்த்தேன். அடுத்து ஜனவரியில் வந்ததைப் பிரிக்காமலேயே சமையலறை இழுப்பறையில், எரிவாயுக் கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். அலுவலகத்தில் எங்கள் வரிசையில் பதினோரு மேசைகள். பிப்ரவரி முடிவதற்குள் நான்கு மேசைகளில் திரை அணைந்திருந்தது. ஒரு மேசையில் அவருடைய குழந்தை வரைந்த படம் மட்டும் பல நாள் ஒட்டியபடியே இருந்தது.

நான் செய்தது இதுதான். நவம்பர் 20 அன்று குறியீடு 752க்கு விழுந்ததும் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் விற்று, பங்குகளில் போடாத பணச்சந்தை ஃபண்டுக்கு மாற்றினேன். அடுத்த ஏழு வாரங்களில் சந்தை 24 சதவீதம் ஏறி, ஜனவரி 6 அன்று 934ஐத் தொட்டது. சரிவு முடிந்துவிட்டது, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று எண்ணி அந்த வாரமே திரும்ப உள்ளே போனேன். அதன் பிறகுதான் 676 வந்தது. மார்ச்சில் அந்த அடியை ஒட்டியே மறுபடி விற்றேன். 2011 வரை திரும்ப வாங்கத் துணிவு வரவில்லை. விற்ற விலைக்கு வாங்கும் வாய்ப்பு அதற்குப் பிறகு ஒருபோதும் வரவில்லை.

ஆனால் ஆசிரியை அவர்களே, இதில் வெளியே தெரியாத ஒரு காரணம் உண்டு. நான் மார்ச்சில் விற்றது சந்தையைக் கண்டு பயந்து அன்று. வேலை போனால் விசாவும் போகும். நான்கு பேருக்கு விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தத்தை முறிக்கும் அபராதம், ஊரில் ஆறு மாதச் செலவு என்று கணக்குப் போட்டபோது, கையில் இருந்த ரொக்கம் மூன்று மாதத்துக்குக்கூடப் போதவில்லை. அபராதத்தோடாவது எடுக்கக்கூடிய ஒரே பணம் அந்த 401கே என்பதால், அது இன்னும் குறைந்துவிடக் கூடாது என்று விற்றேன். மந்தநிலை பங்கையும் சம்பளத்தையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது என்பதை எவரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. தனியே ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருந்திருந்தால், நான் அந்த 676ஐச் சகித்திருப்பேன் என்றே இன்றும் நம்புகிறேன்.

பதில்: மறுகணக்கு

இரண்டு பதில்களும் நன்று. ஆயினும் அவற்றைப் படிப்பவர், பொருளாதாரத்துக்குச் சில மாதங்கள் முன்பே சந்தை திரும்பிவிடும் என்பதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளக் கூடும் என்று அஞ்சுகிறேன். 2009க்கும் 2020க்கும் அது பொருந்தும், 1990இலும் பொருந்தியது. ஈராக் குவைத்துக்குள் புகுந்த அந்த ஆண்டில் சந்தை ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் 20 சதவீதம் இறங்கித் திரும்பிவிட்டது. மந்தம் முடிந்ததோ 1991 மார்ச்சில்.

2001இல் அது பொருந்தவே இல்லை. அந்த மந்தம் மார்ச்சில் தொடங்கி நவம்பரில் முடிந்தது. எட்டே மாதங்கள், அதுவும் மிதமானது. ஆனால் எஸ் அண்ட் பி 500 அதற்கு ஓராண்டு முன்பே, 2000 மார்ச் 24 அன்று 1,527இல் உச்சம் தொட்டு, மந்தம் முடிந்த பிறகும் பதினொரு மாதங்கள் வீழ்ந்து, 2002 அக்டோபர் 9 அன்றுதான் 776இல் நின்றது. பொருளாதாரம் எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் பங்குகள் சரிந்துகொண்டிருந்தன. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2001 ஜனவரியில் வட்டியைக் குறைக்கத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் 6.5 சதவீதத்திலிருந்து 1.75க்குக் கொண்டுவந்தும் சரிவு நிற்கவில்லை. வட்டி குறைந்தால் சந்தை ஏறும் என்று சொல்பவர்கள் இந்த ஓராண்டை மறந்துவிடுகிறார்கள்.

காரணம், விழுவதற்கு முன் பங்குகள் எந்த விலையில் இருந்தன என்பதே. 2000இல் தொழில்நுட்பப் பங்குகளின் விலைக்கும் அவற்றின் இலாபத்துக்கும் தொடர்பே இல்லாதிருந்தது. அத்தகைய பங்குகள் மிகுந்த நாஸ்டாக் குறியீடு 5,048இலிருந்து 1,114க்கு விழுந்தது. 78 சதவீத இழப்பு. பழைய உச்சத்தை அது மீண்டும் கண்டது 2015 ஏப்ரலில். அந்தப் பதினைந்து ஆண்டுகள் முழுவதும் அமெரிக்கா மந்தத்தில் இருந்ததா? இல்லை. ஜப்பானை எடுத்துக்கொண்டால் இன்னும் மனம் கனக்கும்: நிக்கே குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915இல் முடிந்தது, அதை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். 35 வயதில் உச்சத்தில் வாங்கிய ஒருவர் 69 வயதில் போட்ட விலையைப் பார்த்திருப்பார்.

மறுபக்கமும் உண்டு. மந்தம் வராமலேயே சந்தை விழுந்த காலங்கள் பல. 1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் இழந்தது. அதைத் தொடர்ந்து மந்தம் எதுவும் வரவில்லை. 2022இல் ஜனவரிக்கும் அக்டோபருக்கும் இடையே எஸ் அண்ட் பி 25 சதவீதம் இறங்கியது. அப்போதும் மந்தம் அறிவிக்கப்படவில்லை. அண்மையில் நடந்த ஐந்து மந்தங்களைப் பங்குச்சந்தை ஒன்பது முறை முன்னறிவித்தது என்று பொருளியலறிஞர் பால் சாமுவேல்சன் 1966லேயே எழுதினார். சந்தையின் எச்சரிக்கைகளில் பல பொய்த்துப் போயின என்பதே அவர் சொன்னது. ஆகவே சந்தை விழுவதைக் கண்டு மந்தம் வரும் என்று கணிப்பதும், மந்தம் வருவதைக் கண்டு சந்தை விழும் என்று கணிப்பதும் ஒரே அளவு நம்பகமற்றவை என்பது என் கருத்து.

மீட்சிக் காலத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பும் சேர்க்கிறேன். 1,565இலிருந்து 676க்கு, அதாவது ஏறத்தாழ 57 சதவீதம், விழுந்த குறியீடு பழைய நிலையை அடைய ஏறத்தாழ 131 சதவீதம் ஏற வேண்டும். 2007 உச்சத்தை எஸ் அண்ட் பி தாண்டியது 2013 மார்ச்சில். நிறுவனங்கள் தரும் இலாபப் பங்கான டிவிடெண்டைத் திரும்ப முதலீடு செய்தவர்களுக்கு 2012லேயே ஈடாகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாதந்தோறும் வாங்கியவர்களுக்கு அதற்கும் முன்பே.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 816, 1,142 என்ற இரண்டு எண்களையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அறிவிப்பை நம்பி விற்று வாங்கும் என் யோசனையைக் கைவிடுகிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. ஒன்று, இவை எல்லாம் அமெரிக்கக் கணக்குகள். என் பணத்தில் பெரும்பகுதி நிஃப்டியில் உள்ளது. இரண்டாவது, என் மகள் இப்போது பதினோராம் வகுப்பு. அடுத்த ஆண்டு ஜூனில் கல்லூரிக் கட்டணமாக ஏறத்தாழ நான்கு லட்சம் தேவைப்படும். அதையும் நிஃப்டி ஃபண்டிலிருந்தே எடுப்பதாக இருந்தேன். மீதி என் ஓய்வுக்காலத்துக்கானது.

பதில்: நொய்யல்

நம் நாட்டில் உறவு இன்னும் தளர்ந்தது, அக்கா. 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச்சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 21,000ஐ ஒட்டி இருந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. அறுபது சதவீத வீழ்ச்சி. அமெரிக்கச் சந்தையைவிட அதிகம். ஆனால் அந்த ஆண்டில் இந்தியாவின் வளர்ச்சி குறைந்ததே தவிர, ஆண்டு உற்பத்தி சுருங்கவில்லை. மந்தம் அவர்களுக்கு, சரிவு நமக்கும். தங்கள் நாட்டில் பணத் தட்டுப்பாடு வந்ததால் அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் இங்கே விற்றுப் பணத்தை எடுத்துச் சென்றார்கள் என்பதே முதன்மையான காரணம். திரும்பியதும் அதே வேகத்தில்தான்: மக்களவைத் தேர்தல் முடிவுகளுக்குப் பிறகு 2009 மே 18 அன்று சந்தை திறந்த சில நொடிகளில் ஒரே நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட மேல்வரம்பை முட்டி வர்த்தகம் நிறுத்தப்பட்டது, சென்செக்ஸ் அன்று 17 சதவீதம் ஏறியது. அந்த ஒரு காலைப்பொழுதை வெளியே நின்று பார்த்தவர்களுக்கு உள்ளே நுழைய வாய்ப்பே கிடைக்கவில்லை.

2020இல் நிஃப்டியின் அடி மார்ச் 23, 7,610 புள்ளிகள். அன்று ஒரே நாளில் 13 சதவீத வீழ்ச்சி. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. அதாவது கடைகள் அடைபடுவதற்கு முன்பே சந்தை தன் அடியைக் கண்டுவிட்டது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜி.டி.பி. ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கியது என்ற புள்ளிவிவரம் ஆகஸ்ட் 31 அன்று வந்தபோது, நிஃப்டி அந்த அடியிலிருந்து ஏறக்குறைய 50 சதவீதம் ஏறியிருந்தது. இரண்டாவது காலாண்டும் சுருங்கி, மந்தம் உறுதியான நவம்பரில் குறியீடு புதிய உச்சத்தில் நின்றது.

அமெரிக்க ஃபண்டைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. இத்தகைய நெருக்கடிகளில் டாலர் வலுப்பெறும். 2007 அக்டோபரில் 40 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2009 மார்ச்சில் 50 ரூபாயைத் தாண்டியிருந்தது. அதனால் டாலரில் 57 சதவீதமாக இருந்த இழப்பு, ரூபாயில் கணக்கிட்டால் 45 சதவீதத்தை ஒட்டியே நின்றது.

கல்லூரிக் கட்டணத்தை மட்டும் சந்தையில் விட்டுவைக்காதீர்கள், அக்கா. இதற்கு மந்தம் வருமா வராதா என்பதே பொருட்டன்று. பதினைந்து மாதங்களில் தேவைப்படும் நான்கு லட்சம் 2008ஐப் போன்ற ஓராண்டில் ஒன்றரை லட்சமாகச் சுருங்கக்கூடும். ஜூன் மாதம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஓய்வுக்காலப் பணத்துக்குப் பதினைந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது, அதன் எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியதில்லை.

பதில்: ஏட்டுக்கணக்கு

நொய்யல் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். எடுக்கும் முறையில் ஒன்றைக் கவனியுங்கள். நிஃப்டி ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளை விற்று வரும் நீண்டகால ஆதாயத்தில், இப்போதைய விதிப்படி நிதியாண்டு ஒன்றுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீதம். ஆகவே தேவையான தொகையில் பாதியை மார்ச் 31க்குள்ளும், மீதியை ஏப்ரல் பிறந்ததும் விற்றால், இரண்டு ஆண்டுகளின் விலக்கும் உங்களுக்குக் கிடைக்கும். அமெரிக்க ஃபண்டுக்கு வரி விதி வேறு. அதைத் தொட வேண்டாம். விற்ற தொகையை மகளின் கட்டணம் கட்டும் நாளுக்கு முந்தைய மாதத்தில் முதிர்வடையும்படி வங்கி வைப்பில் போடுங்கள்.

வைகைக்கரை:

அப்படியே செய்கிறேன், ஐயா. ஓட்டுவீடு அவர்கள் சொன்ன ஆறு மாதச் செலவுப் பணம் என்னிடம் இரண்டு மாதத்துக்குத்தான் இருக்கிறது. எஸ்.ஐ.பி.யைக் கூட்டலாம் என்று நினைத்திருந்த அடுத்த சம்பள உயர்வை முதலில் அதற்கு ஒதுக்குகிறேன்.